கொள்ளுக்கா

உக்காருங்க அம்மிணி, எதுக்கு நின்னுட்டு யோசிக்கறீங்க. எடம் பத்தும். நான் சன்னலோரமா ஒண்டிக்கறேன். இந்தக் கூடைய மடியில வெச்சுக்கறேன், உள்ள பிளாஸ்க்கு இருக்குது, அது சாஞ்சுரக் கூடாது. ம், பாருங்க, பத்திருச்சு. மூணு வருசத்துக்கு முந்தின்னா இதே காங்கயம் கோயமுத்தூர் பஸ்ஸுல ரெண்டாள் சீட்டு எனக்கு ஒருத்திக்கே காணாதுங்க. ஒரு கண்டக்டரு, ஏனுங்கக்கா ரெண்டு டிக்கெட்டு கிழிக்கட்டுங்களான்னு கேட்டான். பஸ்ஸே சிரிச்சுது. எளைச்சதுக்கப்பறம் அவன் கண்ணுல ஒருதடவ படணும்னே எத்தன நாளு வேலையில்லாம இந்த பஸ்ஸுல போயிட்டு வந்திருக்கறேன் தெரியுங்களா. பாவி, வேற ரூட்டுக்கு மாத்திட்டுப் போயிட்டான்.

நூத்திப் பதினெட்டுக் கிலோ இருந்தேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? இந்தாங்க ஆதார் கார்டு. துளசிமணின்னு பேரு போட்டிருக்குதா, அது நான்தான். கன்னத்துக்குள்ள கண்ணத் தேடித்தான் புடிக்கணும். இப்ப அறுபத்திநாலு. ரேசன் கடையில கைரேகை விழுகறதால சாமான் குடுக்கறான், மூஞ்சியப் பாத்தான்னா குடுக்கமாட்டான்.

அந்த முறுக்கப் பைக்குள்ள வையுங்க அம்மிணி. கோவிச்சுக்காதீங்க. பஸ்ஸு ஸ்டேண்டத் தாண்டறதுக்குள்ள மூணு ஆச்சு, நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். எவ வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்கு இப்பெல்லாம் கண்ணு தானாப் போயிருது. கல்யாண வீட்ல பந்தியப் பாத்தா எனக்கு அருவருப்பா இருக்குதுங்க. என்னமோ நாளைக்குச் சோறே கெடைக்காதுங்கற மாதிரி அள்ளிப் போடறாளுக. நான் அப்படியெல்லாம் தின்னதில்ல. என்ற ஒடம்பு வாகு வேற.

எப்படி எளைச்சீங்கன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். ஊர்ல அத்தன பேரும் கேட்டாங்க, அத்தன பேருக்கும் ஒரே பதில்தான். கொள்ளு. காலைல கொள்ளுக் கஞ்சி, சாயந்தரம் பொழுதோட கொள்ளு ரசம், விடிய வாய்க்கா மேட்டுல ஒரு மணி நேரம் நடை. மூணு வருசமா இதத்தான் சொல்றேன். எங்கூரு சுத்துப்பட்டுல துளசிமணின்னு கேட்டா யாருன்னு முழிப்பாங்க, கொள்ளுக்கான்னா ஊடு வரைக்கும் கூட்டியாந்து உடுவாங்க.

உங்ககிட்ட நெசத்தச் சொல்லிப்போடறேன். உங்க மடியில இருக்கற பைலுல ஆஸ்பத்திரி பேரு போட்டிருக்குது, ஸ்டேண்டுலயே பாத்துட்டேன். அதனாலதான் கூப்பிட்டு உக்கார வெச்சேன். எனக்கும் அங்கதான் ஆப்பரேசன் ஆச்சு. என்ற தங்கச்சி ரங்கநாயகி இப்ப அங்கதான் நாலாவது மாடியில படுத்திருக்கறா. முந்தாநேத்து அவளுக்கும் அதே ஆப்பரேசன். அவளப் பாக்கத்தான் போறேன். அவ என்னைய வர வேண்டாம்னு சொல்லியுட்டிருக்கறா. கூடப் பொறந்தவள. அந்தக் கதையையும் சொல்றேன், பல்லடமே இன்னும் வரல.

ஆப்பரேசனப் பத்திப் பயப்படாதீங்க. அஞ்சே அஞ்சு ஓட்டைதான் போடுவாங்க. வயித்துல ஒரு முட்டை கொள்ளற அளவுக்குப் பை மாதிரி உட்டுட்டு மிச்சத்த ஒதுக்கிட்டு, அந்தப் பையக் குடலோட சேத்துத் தெச்சுருவாங்க. அப்பறம் நாலு வாய் தின்னா போதும், அஞ்சாவது வாய் நெஞ்சுல நிக்கும். நானும் எங்கூட்டுக்காரரு வெள்ளியங்கிரியும் மட்டும்தான் போனோம். ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம், கேரளாவுல இயற்கை வைத்தியம், பதினஞ்சு நாளாகும்னு சொல்லிட்டோம். எதுக்கு மறைச்சீங்கன்னா கேக்கறீங்க? நீங்க வேற. எங்கூர்க்காரிகளப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வாயக் கட்டத் துப்பில்லாம வயித்த அறுத்துட்டு வந்துட்டாம்பாளுக. எப்படித் தெரியும்னு கேளுங்க. பக்கத்து வீதி வாத்தியாரு சம்சாரம் இதே ஆப்பரேசனப் பண்ணிட்டு வந்தப்ப, நானே அப்படித்தான் சொன்னேன். தண்ணிக் கொழாயடியில அத்தன பேரு முன்னாடியும் சொன்னேன். அந்தம்மா அப்பறம் தண்ணிக்கே வரல.

அதுவும் போக, நான் சொன்னது பொய்யுமில்லீங்க. ஆப்பரேசன் முடிஞ்சு மொத வாரம் தெளிஞ்ச தண்ணியாத்தான் குடிக்கணும். ஆஸ்பத்திரி சூப்பு எனக்கு வாய்க்கு வெளங்கல. எங்கூட்டுக்காரரு பக்கத்துல ஒரு ரூமு எடுத்து, கொள்ள வேக வெச்சு, அந்தத் தண்ணிய வெள்ளத் துணியில ரெண்டு தடவ வடிகட்டி உப்புப் போட்டு பிளாஸ்க்குல கொண்டாந்தாரு. நர்சம்மாவும் சரின்னாங்க. பத்து நிமிசத்துக்கு ஒரு மூடி. அதக் குடிச்சுத்தான் எந்திரிச்சேன். அப்பக் கொள்ளுலதானே எளைச்சேன்? நடுவுல ஒண்ணே ஒண்ணச் சொல்லாம உட்டுட்டேன், அவ்வளவுதான்.

எங்களுக்கு மாவு மில்லு இருக்குதுங்க. நான் மாசம் ஏழு கிலோ, எட்டுக் கிலோன்னு எறங்க எறங்க, மொளகா அரைக்க வந்தவளுக எல்லாம் கொள்ளு மூட்டையோட வர ஆரம்பிச்சுட்டாளுக. வறுத்து அரைச்சுச் சீரகம் மொளகு சேத்து, கொள்ளுக்கா கஞ்சி மாவுன்னு பாக்கெட்டே போட்டாச்சு. மகளிர் குழுவுல மேடை போட்டு என்னையப் பேசச் சொன்னாங்க. நானும் பேசுனேன். மனசு வெச்சா முடியும், வாய் நம்ம பேச்சக் கேக்கணும்னு பேசுனேன். பேசறப்ப எனக்கே அழுகை வந்துருச்சு. அவ்வளவு கஷ்டப்பட்டிருக்கறனேன்னு.

எனக்கு முடி கொட்டுச்சுங்க, கொத்துக் கொத்தா. ஆப்பரேசன் பண்ணுனா ஆறாம் மாசம் கொட்டும்னு டாக்டரு முன்னயே சொன்னாரு. ஊர்ல கேட்டாங்க, கொள்ளு சூடுன்னு சொன்னேன். அடுத்த வாரமே நாலு பேரு வந்து, எங்களுக்கும் கொட்டுதுங்கக்காங்கறாளுக. இப்படிப்பட்ட கூட்டத்துகிட்ட நெசத்தச் சொல்லி என்ன ஆகப்போகுது. மாத்திரையெல்லாம் மில்லுல ராகி டின்னுக்குள்ள வெச்சிருக்கறேன், ஆரும் அங்க கை வெக்க மாட்டாங்க.

ஒருத்தியாவது எளைச்சாளான்னா, இல்ல. ஒரு கிலோ, ரெண்டு கிலோ, மறுபடி ஏறிக்கும். வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிப்பாளுக. நான் உடமாட்டேன். திருட்டுத்தனமா என்ன தின்னேன்னு கேப்பேன். பாதிப் பேரு ஒத்துக்குவா. பேரன் மிச்சம் வெச்ச பன்னு, சாமிக்குப் படைச்ச பொங்கல்னு எதையாச்சும் சொல்லுவா. மிச்சப் பேரு சத்தியம் பண்ணுவா. சத்தியம் பண்றவள நான் நம்பறதே இல்ல.

இந்த ரங்கநாயகியும் அப்படித்தானுங்க. என்னையவிட அஞ்சு வயசு எளையவ. நூத்தி நாலு கிலோ, சக்கரை வேற, முட்டி தேஞ்சு போச்சு. போன வருசம் ஆடி மாசம் கையில ஒரு சீட்டோட என்ற ஊட்டுக்கு வந்தா. சக்கரை டாக்டரு எழுதிக் குடுத்திருக்கறாரு, ஆப்பரேசன் பண்ணுனா ஒடம்பும் எளைக்கும், சக்கரையும் எறங்கும்னு. ஆஸ்பத்திரி பேரப் பாத்தேன். எனக்குப் பண்ணுன அதே ஆஸ்பத்திரி. அங்க நாலாவது மாடி வராண்டாவுல என்ற போட்டா மாட்டியிருக்குதுங்க. முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு, கண்ணாடிச் சட்டம் போட்டு. பிந்தினதுல பச்சப் பட்டு கட்டியிருப்பேன். மாட்டிக்கட்டுமான்னு டாக்டரு கேட்டாரு, எங்கூட்டுக்காரரு வேண்டாம்னாரு, நான்தான் நல்லா பெரிசா மாட்டச் சொன்னேன். ஊர்ல எவ அங்க வரப்போறான்னு ஒரு தைரியம்.

அக்கா, பண்ணிக்கட்டுமா, நீ என்ன சொல்றயோ அதுதான்னு தங்கச்சி கேக்கறா. நான் என்னங்க சொல்ல முடியும்? மானம் கெட்டவளே, வயித்த அறுத்துட்டுத்தான் எளைக்கோணுமா, என்னையப் பாருன்னேன். என்னையப் பாத்தா. அப்படியே பாத்துட்டிருந்தா. சீட்ட மடிச்சு மாராப்புக்குள்ள வெச்சுட்டு ரெண்டு பாக்கெட் கஞ்சி மாவு வாங்கிட்டுப் போயிட்டா. சும்மாதான் குடுத்தேன், தங்கச்சிகிட்டக் காசு வாங்குவனா.

ஒரு வருசம் குடிச்சா. அவ மக நிவேதிதாவுக்குக் கல்யாணம் குறிச்சிருந்துச்சு, அதுக்குள்ள எளைக்கோணும்னு மத்தியானச் சோத்தையும் நிறுத்திட்டா. முட்டி வலியோட வாய்க்கா மேட்டுல நடந்தா. மூணு கிலோ எறங்குச்சு. ஒரு வருசத்துக்கு மூணு கிலோ. நான் போன்ல கிழிகிழின்னு கிழிச்சேன். சத்தியமா ஒண்ணும் திங்கறதில்லக்கான்னு அழுதா. அழுதா எளைக்குமாடின்னு கேட்டேன்.

ஆங், பல்லடம் வந்துருச்சு. எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க அசையாதீங்க.

கல்யாணத்தன்னிக்கு வந்துதுங்க வென. மொதப் பந்தியில சம்பந்தி ஊட்டுப் பொம்பளைகளோட பொண்ணுக்குப் பெரியம்மான்னு நான் உக்காரோணும். நான் எப்பவும் எலையில சோத்தக் கொழப்பிட்டுப் பேச்சுக் குடுத்துட்டே எந்திரிச்சுருவேன், ஆருக்கும் தெரியாது. அன்னிக்குச் சம்பந்தியம்மா, பெரியம்மாவுக்கு நான்தான் ஊத்துவேன்னு பாயசக் கரண்டியோட எதுக்க வந்து நின்னுட்டா. வேண்டாங்கன்னேன். பொண்ணுக்கு நல்லது நடக்கறப்ப பெரியம்மா இனிப்பு வேண்டாங்கலாமான்னு மூஞ்சியச் சுருக்குனா. எல்லாரும் பாக்கறாங்க. பாயசத்த மூணு மடக்குல குடிச்சுப்போட்டேன். இந்த ஆப்பரேசன் ஆனவங்களுக்கு இனிப்பு ஆகவே ஆகாதுங்க. எலைய மூடறதுக்குள்ள வேர்த்து ஊத்துது, நெஞ்சு படபடங்குது, வயித்தப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டேன். என்னையப் பொண்ணு ரூமுக்குத் தூக்கிட்டுப் போனா, அங்க ஏற்கெனவே ஒருத்தி கட்டல்ல கெடக்கறா. ரங்கநாயகி. வெறும் வயித்தோட ரெண்டு நாளா ஓடியாடி, மேடை ஓரத்துல மயங்கி விழுந்துட்டாளாம். அக்காளும் தங்கச்சியும் ஒரே பேனுக்கடியில கெடக்கறோம்.

சம்பந்தி ஊட்டு ஒறம்பரையில ஒரு பொண்ணு நர்சாமா. வந்தவ மத்தவங்கள வெளிய அனுப்பிக் கதவச் சாத்துனா. வயித்தக் காட்டுங்கன்னா. சீலைய எளக்குனா. அஞ்சு தழும்பு. எப்பங்கம்மா வயித்துக்கு பைபாஸ் பண்ணீங்கன்னு சாதாரணமாக் கேக்கறா. அவளுக்கென்ன, தெனம் பாக்கறவ. நான் கண்ண மூடிட்டேன்.  பக்கத்துக் கட்டல்ல இருந்து ரங்கநாயகி கேட்டா.

"நெம்ப வலிச்சுதாக்கா?"

அவ்வளவுதான் கேட்டா. திட்டியிருக்கலாம்ல? காறித் துப்பியிருந்தாக்கூட நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி முடிச்சிருப்பேன். வலிச்சுதான்னா கேக்கறது? கூடப் பொறந்தவள மடக்கறதுக்கு இப்படி ஒரு வழி. எனக்கு வந்த ஆத்தரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். அவ எந்திரிச்சுச் சக்கரைத் தண்ணியக் குடிச்சுட்டு மகளுக்கு ஆரத்தி சுத்தப் போயிட்டா.

அதுக்கப்பறம் என்ற போன எடுக்கறதில்ல. கல்யாணத்துல செருப்பில்லாம நின்னதுல கால்ல புண்ணாகி, சக்கரை எறங்காம, ஒரு வெரல எடுத்துட்டாங்க. சுண்டு வெரல்தான். நடக்கறதுக்கு அதுனால ஒண்ணும் கொறச்சல் இல்லீங்களாமா. போன வருசமே ஆப்பரேசன் பண்ணியிருந்தா வெரலு தப்பிச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாராம். டாக்டருக என்னதான் சொல்ல மாட்டாங்க.

இப்பப் பண்ணிக்கிட்டா. ஊரெல்லாம் சொல்லிட்டுப் போய்ப் பண்ணிக்கிட்டா. எவளோ, உங்கக்கா கொள்ளுலயே எளைச்சாளே, உனக்கென்னன்னு கேட்டதுக்கு, எனக்கு வாயக் கட்டத் தெரியலைங்கன்னாளாம். என்னையக் காட்டிக் குடுக்கல. நல்லதுதான். ஆனா என்னையத் தொணைக்குக் கூப்புடலீங்க. அவளுக்கு என்ன வேணும்னு என்னையவிட ஆருக்குத் தெரியும்? எந்த நாளு எதைக் குடிக்கோணும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா தையலு சுருக்குங்கறது எனக்குத் தெரியும். அவ கூப்புட்டது அவ நாத்தனாவ. ஒண்ணுந் தெரியாத முண்டம் அது.

நேத்து அவ புருசன்கிட்டச் சொல்லி ஒரு சேதி அனுப்பியிருக்கறா. "அக்கா வர்றதுன்னா ஊர்ல சொல்லிட்டு வரட்டும், இல்லீன்னா வர வேண்டாம்"னு. இதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. எவ்வளவு திமிருன்னு பாருங்க. கண்டிசன் போடறா. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. விடிய எந்திரிச்சுக் கொள்ள வேக வெச்சேன். ரெண்டு தடவ வடிகட்டுனேன். அதான் பிளாஸ்க்குல இருக்குது. ஆஸ்பத்திரி சூப்பு அவளுக்கும் எறங்காது, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாக்கு. சின்னதுல இருந்தே அப்படி.

நான் வழியில யோசிச்சேன். ஊர்ல சொல்லிட்டு வான்னா, எத்தன பேருகிட்டன்னு அவ கணக்குச் சொல்லலயே. ஒருத்தருகிட்டச் சொன்னாலும் சொன்னதுதானே? உங்ககிட்ட ஒண்ணு உடாமச் சொல்லிட்டேன், இல்லீங்களா? போட்டா வரைக்கும் சொல்லிட்டேன். நீங்க என்கூட நாலாவது மாடிக்கு வரோணும். அவ கேட்டா, ஆமாங்க, உங்கக்கா பஸ்ஸுல எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு எந்த டாக்டரப் பாக்கோணும்னு நான் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். அவ கையப் புடிச்சுட்டு ஒரு மூடி ஊத்திக் குடுத்துட்டு வந்துருவேன். எனக்கு அது போதும். அவ மூஞ்சியப் பாத்து அஞ்சு மாசம் ஆச்சுங்க.

சூலூரா. இன்னுங் கொஞ்ச தூரந்தான். அடக் கடவுளே. மாராத்தாக்கா ஏறுது. எங்கூருங்க. மகளிர் குழுத் தலைவி. நீங்க பேசாம இருங்க அம்மிணி, அந்த பைலத் திருப்பி வெச்சுக்கங்க.

வாங்கக்கா, வாங்க. மக ஊட்டுக்கு வந்தீங்களா? பின்னாடி சீட்டு காலியாத்தான் இருக்குது, உக்காருங்க. நானுங்களா? சும்மா, இப்படி. ஆமாங்கக்கா, ரங்கநாயகிக்கு ஆயிருச்சு. முந்தாநேத்து. நல்லாருக்கறா. அதைய ஏன் கேக்கறீங்க, எங்குடும்பத்துக்கே தலைக்குனிவு. நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கொள்ளு ஒண்ணு போதும்டின்னு. வாயக் கட்டத் தெரியாதவளுக்கு என்ன சொல்லி என்ன. ஆமாங்க. ஆமாங்கக்கா. மனசு வெச்சா முடியாதா, நான் இல்லையா.

நீங்களும் வர்றீங்களா? எங்க, ஆஸ்பத்திரிக்கா? இல்லீங்க்கா, அங்கெல்லாம் கூட்டமா உடமாட்டாங்க. ஒரு எட்டுத்தாங்கறீங்க, சரி, ஆனா நாலு மாடி ஏறோணுங்க. லிப்ட் இருக்குமா, இருக்கும், இருக்கும். இல்லக்கா, நான் இப்ப அங்க போகல. நேத்தே பாத்துட்டு வந்துட்டேன். நான் டவுனுக்குப் போறேன், மில்லுக்கு ஜல்லடை வாங்கோணும். நீங்களும் டவுனுக்கே வாங்க, இன்னொரு நாளு ரெண்டு பேருமாச் சேந்து போய்ப் பாத்துக்கலாம், அவ ஊட்டுக்கு வந்தப்பறம். சரி. அதுதான் நல்லதுங்க்கா.

அம்மிணி. மெதுவாச் சொல்றேன், திரும்பாதீங்க. சிங்காநல்லூரு தாண்டியாச்சு, அடுத்த ஸ்டாப்பு உங்குளுது. நான் எறங்க முடியாது. இந்தாங்க பிளாஸ்க்கு, உங்க பைக்குள்ள வெச்சுக்கங்க. நாலாவது மாடி, நானூத்திப் பதினேழு. பத்து நிமிசத்துக்கு ஒரு மூடி, ஒரே மடக்காக் குடிச்சா கொமட்டும்னு சொல்லுங்க. வராண்டாவுல என்ற போட்டாவத் தாண்டித்தான் போகோணும், பச்சப் பட்டு, பாத்துக்கங்க, நல்லா விழுந்திருக்கும். அவ ஏதாச்சும் கேட்டான்னா, அக்கா சொல்லிட்டான்னு சொல்லுங்க. உங்ககிட்டச் சொன்னேன்ல, அது நெசந்தானே. இல்லீன்னா ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். ஒரு வாய் குடிச்சா அவளுக்கே தெரிஞ்சுரும். எந்திரிங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. பாத்து எறங்குங்க, கம்பியப் புடிச்சுக்கங்க.

என்னங்கக்கா? இப்ப எறங்குன பொண்ணா? ஆருன்னே தெரியலீங்க, காங்கயத்துல ஏறுச்சு. பிளாஸ்க்கா? அது அதோட பிளாஸ்க்குங்க, கொஞ்ச நேரம் நான் வெச்சிருந்தேன். வழி நெடுகக் கொள்ளுக் கஞ்சியப் பத்தியே கேட்டுட்டு வந்துச்சு.